ஆன்சாக் குன்றுக்குப் போகும் முன்: ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் கேள்வி பதில்கள்

ஆஸ்திரேலியாவின் நட்ட நடுவில், செம்மண்ணும் முட்புல்லுமான வறண்ட பூமியில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊர் இருக்கிறது. வடக்கே டார்வினுக்கு 1,500 கி.மீ.; தெற்கே அடிலெய்டும் ஏறக்குறைய அதே தூரம். மக்கள்தொகை சுமார் 25,000. ஊரின் வடக்கு ஓரத்தில் ஒரு சிறு பாறைக் குன்று. அதன் உச்சியில் வெள்ளைத் தூண், கொடிக்கம்பங்கள், நாலாபுறமும் நின்று பார்க்க இடம். அதுதான் ஆன்சாக் குன்று.

உளுரு என்ற பிரமாண்டமான செம்பாறையைப் பார்க்கக் கிளம்பி வழியில் ஓர் இரவு இங்கே தங்கும் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளைச் சேர்த்து எழுதியிருக்கிறேன். முக்கால்வாசிப் பேர் கேட்பது சூரிய அஸ்தமனத்தைப் பற்றி. அதற்கும் பதில் உண்டு. ஆனால் அங்கே நிற்கும்போது கண்ணில் படும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு ஏறுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். அதனால் அந்தப் பதில்கள் கொஞ்சம் நீண்டுவிட்டன.

ஆன்சாக் என்றால் என்ன?

ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைப்பிரிவின் ஆங்கிலப் பெயரில் உள்ள முதல் எழுத்துகளைச் சேர்த்த சொல். 1915 ஏப்ரல் 25 அன்று அந்தப் படை துருக்கியின் கலிப்பொலி தீபகற்பத்தில் விடியற்காலையில் கரையிறங்கியது. எட்டு மாதச் சண்டைக்குப் பிறகு எதையும் பிடிக்க முடியாமல் திரும்பியது. ஆஸ்திரேலியர்கள் 8,000 பேருக்கு மேல் அங்கேயே மாண்டார்கள். தங்கள் மண்ணைக் காத்து நின்ற துருக்கியர் தரப்பில் இறந்தவர்கள் 80,000-க்கும் மேல்.

நம் பக்கத்தில் அதிகம் பேசப்படாத ஒரு செய்தி உண்டு. அதே ஏப்ரல் 25 அன்று ஆஸ்திரேலியர்களோடு அதே கரையில் இறங்கியவர்களில் இந்திய மலைப் பீரங்கிப் படையினரும் இருந்தார்கள். கோவேறு கழுதைகளின் முதுகில் பீரங்கியைப் பகுதி பகுதியாக ஏற்றிக்கொண்டு போய், மலைமேல் பொருத்திச் சுட்டவர்கள் அவர்கள். தண்ணீரும் தோட்டாவும் மேலே கொண்டுபோன கழுதைப் படையிலும் இந்தியர்கள்தான்.

முதல் உலகப் போரின்போது ஆஸ்திரேலியாவின் மொத்த மக்கள்தொகை 50 லட்சத்தைத் தொடவில்லை. அதில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டோர் படையில் சேர்ந்தார்கள், ஏறத்தாழ 60,000 பேர் திரும்பவில்லை. அவர்களை அங்கங்கே, இறந்த நாட்டிலேயே புதைத்துவிட்டார்கள். பிள்ளையின் கல்லறையைப் பார்க்கக் கப்பலேறிப் போக எத்தனை குடும்பத்துக்கு வசதி இருந்திருக்கும்? அதனால்தான் இந்த நாட்டில் எவ்வளவு சின்ன ஊருக்குப் போனாலும் நடுவில் ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. கல்லறை இல்லாத வீடுகளுக்கு அதுவே கல்லறை.

இந்தத் தூணை யார் கட்டினார்கள்?

வடிவமைத்தவர் ஊரில் அப்போது பணியாற்றிய மெதடிஸ்ட் போதகர் ஹாரி கிரிஃபித்ஸ். திறந்து வைத்தது 1934 ஏப்ரல் 25 அன்று. அந்த நாளில் இங்கே சில நூறு பேர்தான் இருந்தார்கள். ரயில் வந்தே ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. ஸ்டூவர்ட் என்ற அரசாங்கப் பெயர் மாறி, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற பெயர் முறைப்படி வந்ததும் அதற்கு முந்தைய வருடம்தான். முதலில் முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக எழுப்பியது. பின்னால் ஆஸ்திரேலியா பங்கெடுத்த எல்லாப் போர்களுக்கும் பொதுவானதாயிற்று. தூணைச் சுற்றி அந்தப் போர்களைப் பற்றிய விளக்கப் பலகைகள் இருக்கின்றன. அவசரப்படாமல் படியுங்கள்.

கடலிலிருந்து இவ்வளவு தள்ளியிருக்கிற பாலைவன ஊருக்கும் போருக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. 1942 பிப்ரவரி 19 அன்று ஜப்பானிய விமானங்கள் டார்வின் துறைமுகத்தைக் குண்டுபோட்டுத் தகர்த்தன. 230 பேருக்கு மேல் இறந்தார்கள். டார்வினும் இந்த ஊரும் அடங்கிய வடக்கு பிரதேசத்தின் நிர்வாகமே அங்கிருந்து கிளம்பி ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வந்துவிட்டது. தெற்கிலிருந்து வரும் ரயில் பாதை இந்த ஊரோடு முடிந்தது. அதற்கு மேல் வடக்கே போக வேண்டிய சிப்பாய், அரிசி, பெட்ரோல், வெடிமருந்து எல்லாம் இங்கே ரயிலிலிருந்து இறங்கி லாரியில் ஏறியாக வேண்டும். போர் நெருங்கிய நேரத்தில் அவசர அவசரமாகப் போட்ட சாலை அது. இன்று ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை என்று நாம் நிம்மதியாக ஓட்டிப் போகிறோம். அந்தச் சில வருடங்கள் ஊரே ராணுவ முகாமாக இருந்தது. ஆயிரக்கணக்கான படைவீரர்கள் கூடாரங்களில் தங்கியிருந்தார்கள்.

குன்றுக்கு வேறு பெயரும் உண்டாமே?

உண்டு, அதுதான் மூத்த பெயர். இந்த மண்ணின் பூர்வகுடிகளான அரண்டா மக்கள் இதை ஒஞ்சியாதூலியா என்கிறார்கள். (எழுத்தில் பார்த்தால் உச்சரிப்பு பிடிபடாது, இது காதில் விழுவதை ஒட்டி நான் எழுதியது.) அந்தப் பெயரில் கார்க்வுட் மரத்துக்கான சொல் இருக்கிறது. தக்கை போல வெடித்த தடிமனான பட்டையும் முறுக்கிய கிளையுமாகப் பாலைவனத்தில் நிற்கும் மரம் அது. அதன் பூவில் தேன் நிறைய இருக்கும். பூவை அப்படியே உறிஞ்சுவார்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்து இனிப்பான பானமாகக் குடிப்பார்கள். படைப்புக் காலத்தில் தனியாக வாழ்ந்து, தனியாக வேட்டையாடிய ஒரு பெண்ணின் கதை இந்தக் குன்றோடு சேர்ந்தது. கதை முழுவதும் சொல்லும் உரிமை அவர்களுடையது. வெளியாருக்கு என்று அவர்களே பலகையில் சொல்லியிருக்கும் அளவோடு நானும் நிறுத்திக்கொள்கிறேன்.

ஊருக்கும் அவர்கள் மொழியில் பெயர் உண்டு: ம்பாண்ட்வா. சுற்றியிருக்கும் மலை, பாறை, ஆறு எல்லாவற்றையும் உருவாக்கியவை கம்பளிப்புழு மூதாதையர் என்பது அவர்கள் நம்பிக்கை. யெப்பரெனியா என்பது அந்தப் புழுக்களில் ஒன்றின் பெயர். ஊருக்குள் கடைத்தெருவில்கூட அந்தப் பெயரைப் பார்ப்பீர்கள்.

மேலே ஏன் இத்தனை கொடிகள்?

ஆஸ்திரேலிய தேசியக் கொடி, வடக்கு பிரதேசத்தின் கொடி, கறுப்பும் சிவப்பும் நடுவில் மஞ்சள் வட்டமுமாகப் பூர்வகுடியினரின் கொடி. மூன்றாவது கொடி சிறப்பு நாட்களில் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதை நிரந்தரமாகப் பறக்க விட வேண்டும் என்று பலகாலம் கேட்டார்கள். போர் நினைவிடத்தில் அது எதற்கு என்று எதிர்த்தவர்களும் இருந்தார்கள். 2018இல் நகர மன்றம் நிரந்தரமாகப் பறக்கட்டும் என்று தீர்மானித்தது. சரியான முடிவு என்பது என் கருத்து.

மேலிருந்து என்னவெல்லாம் தெரியும்?

முதலில் தெற்கே திரும்பி நில்லுங்கள். காலடியிலேயே ஊர்: தகரக் கூரைகள், நேர்க்கோட்டுத் தெருக்கள், இடையிடையே மரங்கள். அதற்கு அப்பால் ஒரு மதில் மாதிரி கிழக்கு மேற்காக ஓடுகிறது மெக்டோனல் மலைத்தொடர். மொத்த நீளம் 600 கி.மீ.க்கும் மேல். இமயமலைக்கு ரொம்ப ரொம்ப மூத்தது. எழுந்து முடித்தே சுமார் 30 கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது நாம் பார்ப்பது தேய்ந்த மிச்சம். பாறையில் உள்ள இரும்புதான் அந்தச் சிவப்புக்குக் காரணம். உச்சி வெயிலில் வெளிறிப்போய் நிற்கும் அதே மலை, மாலையில் செங்கல் நிறமாகி, கடைசியில் கத்தரிப்பூ நிறத்தில் அடங்கும்.

அந்த மதிலில் ஒரே ஒரு வாசல் வெட்டினாற்போல ஓர் இடைவெளி தெரியும். ஹெவிட்ரீ கணவாய் அது. ஆறும், நெடுஞ்சாலையும், ரயிலும் மூன்றுமே அந்தக் குறுகிய சந்துக்குள் நெருக்கிக்கொண்டு நுழைகின்றன. அரண்டா மக்களுக்கு அது புனிதமான இடம். பழைய நாளில் பெண்கள் அதன் வழியே நடக்கக் கூடாது. மலையேறிச் சுற்றித்தான் போவார்கள். அந்த இடத்துக்குள் தந்திக் கம்பியும், பிறகு தண்டவாளமும், தார்ச்சாலையும் வந்தபோது அவர்களை யாரும் கேட்கவில்லை. குன்றின்மேல் நின்று அந்தக் கணவாயைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு இதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

கிழக்குப் பக்கம் வளைந்து போகும் வெண்மணல் பட்டையைச் சாலை என்று நினைத்துவிடாதீர்கள். அதுதான் டாட் ஆறு. இருகரையிலும் பெரிய பெரிய யூகலிப்டஸ் மரங்கள் நிற்கும், நடுவில் தண்ணீர் இருக்காது. மரங்கள் குடிப்பது மணலுக்கு அடியில் கிடக்கும் நீரை. வருடத்தில் சில நாட்கள் வெள்ளம் வந்தால் அதிசயம். ஊரே கரைக்கு ஓடிவரும். இந்த ஆற்றில் 1962 முதல் படகுப் போட்டி நடக்கிறது. அடிப்பாகம் இல்லாத படகுக்குள் நின்று, அதைத் தூக்கிக்கொண்டு மணலில் ஓட வேண்டும். 1993இல் அந்தப் போட்டியை ரத்து செய்தார்கள், ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதால்.

மேற்கே தனியாக நிமிர்ந்து நிற்பது கில்லன் மலை. வடக்கே திரும்பினால் மேடு பள்ளமான பாறைக் காடு. அந்தப் பக்கம்தான், ஏறத்தாழ 4 கி.மீ. தூரத்தில், இந்த ஊர் பிறந்த இடமான பழைய தந்தி நிலையம்.

உளுரு தெரியுமா?

தெரியாது. அது இங்கிருந்து சாலை வழியே 450 கி.மீ. காரில் ஐந்து மணி நேரம் ஆகும். வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து ஒரே நாளில் போய்த் திரும்பத் திட்டம் போடுகிறவர்கள் உண்டு. வேண்டாம்.

எப்படிப் போவது? பெற்றோருக்கு முட்டி வலி, ஏற முடியுமா?

காரிலேயே உச்சிவரை போகலாம். தார்ச்சாலை இருக்கிறது, மேலே வண்டி நிறுத்த இடமும் இருக்கிறது. இறங்கியதும் தூண் பக்கத்தில்தான். என் அம்மாவை அப்படித்தான் அழைத்துப் போனேன். ஒரு கையில் பிளாஸ்க், இன்னொரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு நாலு பக்கமும் சுற்றி வந்தார்.

நடக்க முடிந்தவர்கள் வில்ஸ் டெரஸ் தெருவிலிருந்து ஏறும் லயன்ஸ் நடைபாதையில் போங்கள். தூரம் குறைவு, சில இடங்களில் செங்குத்து. நின்று நின்று ஏறினாலும் கால் மணி நேரம் போதும். பாதையோரச் செடிகளைப் பார்த்துக்கொண்டே போகலாம். செருப்பு வழுக்கும், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். கோடையில் ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் கட்டாயம். குன்று சின்னது என்று வெயிலை லேசாக நினைக்காதீர்கள்.

கட்டணம் உண்டா?

இல்லை.

எந்த நேரம் நல்லது?

மாலை என்றால் சூரியன் மறைவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே போய்விடுங்கள். ஜூன் மாதத்தில் ஆறு மணிக்கு முன்பே மறைந்துவிடும். டிசம்பரில் ஏழரை ஆகும். (இந்திய நேரத்தைவிட இங்கே நாலு மணி நேரம் முன்னால்.) பெரும்பாலானவர்கள் மேற்கே கேமராவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் சூரியனுக்கு முதுகைக் காட்டிக் கிழக்கையும் தெற்கையும் பாருங்கள். நிறம் மாறுவது அந்த மலைகளில்தான். மறைந்த உடனே வண்டியைக் கிளப்பாமல் இருபது நிமிடம் பொறுத்தால் ஊரின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதையும் பார்க்கலாம்.

என்னைக் கேட்டால் விடியற்காலைதான். கூட்டம் இருக்காது. பறவைச் சத்தமும், கொடிக்கயிறு கம்பத்தில் தட்டும் சத்தமும் மட்டும் கேட்கும். ஒரு நினைவிடத்தில் நிற்கிறோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எந்த மாதம் வரலாம்?

ஏப்ரல் கடைசி முதல் செப்டம்பர் வரை. ஜனவரியில் பகல் வெப்பம் சராசரியாக 36 டிகிரி, பல நாள் 40ஐத் தாண்டும். ஜூலையில் பகல் இதமாக இருக்கும், ஆனால் இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகும் நாட்களும் உண்டு. பாலைவனம்தானே என்று மெல்லிய சட்டையோடு வந்து விடியற்காலையில் நடுங்குபவர்களில் நம் ஆட்கள் நிறைய. ஸ்வெட்டர், குல்லா எடுத்து வாருங்கள். வெயில் காலத்தில் ஈத்தொல்லை பொறுக்க முடியாது, முகத்துக்கு வலை கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 25 அன்று நாங்களும் போகலாமா?

தாராளமாகப் போகலாம். இருட்டோடு இருட்டாக ஊர் மக்கள் குன்றின்மேல் கூடுவார்கள். முதியவர்கள் பதக்கம் அணிந்து வருவார்கள். பிள்ளைகள் தாத்தா, கொள்ளுத்தாத்தாவின் பதக்கத்தை வலது மார்பில் குத்திக்கொண்டு நிற்பார்கள். சொந்தப் பதக்கம் என்றால் இடது பக்கம். சட்டையில் ரோஸ்மேரி இலை செருகியிருப்பார்கள். அந்தச் செடி கலிப்பொலி சரிவுகளில் தானாக வளர்வது. பிரார்த்தனை, மலர்வளையம், பிறகு பியூகிள் என்ற ராணுவ ஊதுகொம்பை ஊதுவார்கள், எல்லோரும் மௌனமாக நிற்பார்கள். அந்த நேரத்தில் போன் சத்தம் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், படம் எடுக்காதீர்கள். நன்றாக முன்னதாகவே கிளம்பிப் போங்கள், மேலே இடம் குறைவு. கம்பளி வேண்டும்.

பூர்வகுடியினரும் அந்தப் போர்களில் சண்டையிட்டார்களா?

சண்டையிட்டார்கள். முதல் உலகப் போரில் மட்டும் ஆயிரம் பேருக்கு மேல். அவர்களைச் சேர்க்கக் கூடாது என்று அப்போது விதியே இருந்தது. அதையும் மீறித்தான் சேர்ந்தார்கள். திரும்பி வந்த வெள்ளைச் சிப்பாய்க்கு அரசு நிலம் கொடுத்தது. இவர்களில் ஏறக்குறைய யாருக்கும் கிடைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் இந்த நெடுஞ்சாலை நெடுக இருந்த ராணுவ முகாம்களில் பூர்வகுடி ஆண்களும் பெண்களும் உழைத்தார்கள். மக்கள்தொகைக் கணக்கில் அவர்களை முழுமையாகச் சேர்க்க 1967 பொதுவாக்கெடுப்பு வரை ஆயிற்று.

இந்த ஊரின் கதை இன்னும் கசப்பானது. 1928 முதல் 1964 வரை ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பூர்வகுடிகளுக்குத் தடைசெய்யப்பட்ட பகுதி. இங்கே வேலை இருந்தாலோ, அனுமதி இருந்தாலோதான் ஊருக்குள் வரலாம், இருட்டுவதற்குள் வெளியேற வேண்டும். 1934இல் தூணைத் திறந்தபோது, அந்தக் குன்றின் சொந்தக்காரர்கள் தங்கள் ஊருக்குள் நடமாடவே அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

அதற்கு ஆறு வருடம் முன்பு, இங்கிருந்து வடமேற்கே ஏறத்தாழ 250 கி.மீ. தூரத்தில் கோனிஸ்டன் பகுதியில் ஒரு வெள்ளைக்காரர் கொல்லப்பட்டார். பழிவாங்கப் போன குதிரைப் படை வாரக்கணக்கில் பூர்வகுடிகளைச் சுட்டுக் கொன்றது. அரசின் விசாரணை 31 பேர் என்று கணக்குக் காட்டி, எல்லாமே தற்காப்பு என்று முடித்தது. வார்ல்பிரி, அன்மாச்சர், கைடிச் மக்கள் தங்கள் குடும்பங்களில் சொல்லிவரும் எண்ணிக்கை அதைப்போலப் பல மடங்கு. அந்தப் படையை நடத்திச் சென்ற காவலர் ஜார்ஜ் மர்ரே, கலிப்பொலியில் சண்டையிட்ட ஆன்சாக் வீரர். 90 ஆண்டுகள் கழித்து, 2018இல், வடக்கு பிரதேசக் காவல்துறை ஆணையர் அந்த மக்கள் முன்னால் மன்னிப்புக் கேட்டார்.

இதையெல்லாம் சொல்வது அந்தத் தூணைக் குறைத்துப் பேச இல்லை. பத்தொன்பது வயதில் கலிப்பொலியில் செத்துப்போன பையன் எந்தப் பாவமும் செய்யாதவன். அவனுக்காக அங்கே நான் தலைகுனிந்திருக்கிறேன். கோனிஸ்டனில் விழுந்தவர்களுக்கும் அதே குன்றில் ஒரு நிமிடம் நிற்கிறேன். அவர்களுக்கு அங்கே கல் இல்லை.

குன்றின் உரிமை இப்போது யாருக்கு?

பராமரிப்பது நகர மன்றம். ஆனால் ஊர் எல்லைக்குள் பல நிலங்களில் அரண்டா மக்களின் பூர்வீக உரிமையை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. தீர்ப்பு வந்தது 1999இல். பாறையைப் பெயர்ப்பது, கல்லை நினைவுக்கு எடுத்துப் போவது, பாதையை விட்டு இறங்குவது எதுவும் கூடாது.

படம் எடுப்பதில் ஏதாவது கட்டுப்பாடு?

மலையை எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள். மனிதர்களை எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். பூர்வகுடிக் குடும்பங்கள் மாலையில் அங்கே வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் நமக்குக் காட்சிப்பொருள் இல்லை. இறந்தவர்களின் படத்தையும் பெயரையும் வெளியில் காட்டுவது அவர்களில் பலருக்குத் துயரம் தருவது. தூணின் படிகளில் ஏறி நின்று போஸ் கொடுக்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

இரவில் பாதுகாப்பா?

ஊரைப் பற்றிச் செய்தியில் பார்த்துவிட்டுப் பயந்து கேட்கிறார்கள். கார் கண்ணாடி உடைப்பது, திருட்டு உண்டு. பையை, பாஸ்போர்ட்டைக் காரில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். இருட்டிய பிறகு நடைபாதையில் தனியாக இறங்காமல் காரில் வாருங்கள். இவ்வளவு கவனம் போதும். எதிரில் வருகிறவர் எல்லாரையும் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டியதில்லை. வணக்கம் சொன்னால் வணக்கம் சொல்வார்கள்.

இறங்கிய பிறகு எங்கே போகலாம்?

நேரம் இருந்தால் பழைய தந்தி நிலையத்துக்குப் போங்கள். 1872இல் தெற்கையும் வடக்கையும் இணைத்து, சுமார் 3,200 கி.மீ. நீளத்துக்குப் போட்ட தந்திக் கம்பியின் நடுவழி நிலையங்களில் ஒன்று அது. ஆலிஸ் என்பது அந்தத் திட்டத்தை நடத்திய சார்லஸ் டாட்டின் மனைவி பெயர். ஆற்றுக்கு வைத்தது அவருடைய பெயர். அதே கல் கட்டடங்களில் 1932 முதல் 1942 வரை, தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்ட கலப்பினக் குழந்தைகளை வைத்திருந்தார்கள். அதையும் அங்கே விளக்கியிருக்கிறார்கள்.

அதற்கு நேரமில்லை என்றால், ஊர் மேற்கில் உள்ள பழைய கல்லறைத் தோட்டத்துக்கு ஓர் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். இந்த மலைகளை நீர்வண்ணத்தில் தீட்டி உலகத்துக்குக் காட்டிய அரண்டா ஓவியர் ஆல்பர்ட் நமட்ஜிரா அங்கே அடங்கியிருக்கிறார், 1959இல் இறந்தவர். ரயில் வருவதற்கு முன் இந்த ஊருக்கு மாவும் சர்க்கரையும் ஒட்டகத்தில் சுமந்து வந்தவர்களின் கல்லறைகளும் அங்கே உண்டு. எல்லாரையும் சேர்த்து ஆப்கானியர் என்று அழைத்தார்கள். அவர்களில் பலர் பெஷாவர், பலுசிஸ்தான், பஞ்சாப் பக்கத்திலிருந்து கராச்சியில் கப்பலேறி வந்தவர்கள். அவர்கள் கல்லறைகள் மட்டும் மற்றவற்றோடு வரிசையில் சேராமல், மெக்காவைப் பார்க்கத் திரும்பியிருக்கும்.